பதிவைப் பாதியில் விட்டுப் போனவர்கள்: எதை முதலில் திருத்துவது, எதைக் கடைசியில் அனுப்புவது

கொழும்பில் சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கும் பிள்ளைகள் வகுப்புகளுக்கு இணையத்தில் இடம் பதிந்துகொள்ளும் ஒரு சேவையில் வேலை செய்கிறேன். பதிவுப் பகுதி என் பொறுப்பு. புதிதாக அணிக்கு வருபவர்களிடம் இந்தப் பகுதியைக் கொடுத்து, "பாதியில் விட்டுப் போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள்" என்றால், அநேகமாக எல்லோரும் ஒரே வேலையைத்தான் முதலில் செய்கிறார்கள். "உங்கள் பதிவு இன்னும் முடியவில்லை" என்று ஒரு எஸ்எம்எஸ் எழுதுகிறார்கள்.

அது கடைசியில் செய்ய வேண்டியது. ஒருவர் எங்கே தடுக்கி விழுந்தார் என்று பார்க்காமல் அவரைத் திரும்பக் கூப்பிட்டால், அதே இடத்தில் மறுபடியும் விழுவார். மூன்றாம் முறை கூப்பிட்டாலும் வரமாட்டார். ஆகவே கீழே உள்ளதை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பதிவின் படிகள் எழுதிய ஒரு தாள். எங்களுடையதில் ஆறு படிகள்: பக்கம் திறந்தது, போன் நம்பர் கொடுத்தது, ஓடிபி (எஸ்எம்எஸ்ஸில் போகும் ஒருமுறை எண்) அனுப்பியது, ஓடிபி சரியாக அடித்தது, மாணவர் விபரம் (பெயர், பாடசாலை, பாடம்) கொடுத்தது, கணக்கு உருவானது. ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு நடந்தது என்று சர்வரில் பதிவாக வேண்டும். அவர் என்ன அடித்தார் என்பது இந்தச் சர்வர் குறிப்பில் வரக்கூடாது. நேரமும் படியும் போதும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, ஓடிபியை அனுப்பியதையும் அது போய்ச் சேர்ந்ததையும் ஒன்றாக எண்ணுவது. எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் நிறுவனம் விநியோக அறிக்கை தரும். அதைத் தனியாகச் சேமியுங்கள். ஓடிபி கிடைக்காமல் போனவரும், கிடைத்தும் அடிக்காமல் போனவரும் வேறு வேறு ஆட்கள். முன்னவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் அடிக்காமல் போனவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கட்டணம் எவ்வளவு என்று பார்க்க வந்திருப்பார். நம்பர் கொடுத்த பிறகு நின்றவர்தான் உங்கள் வேலை.

இரண்டாவது, மெமரி குறைந்த ஒரு மலிவான ஆண்ட்ராய்ட் போன். அலுவலக மடிக்கணினியில் எல்லாம் ஓடும். பிள்ளையின் அம்மா கையில் இருக்கும் போனில் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

2. பாதிப் பதிவுக்குத் தனி அட்டவணை

வேறு எதைத் திருத்தும் முன்னும் தரவுத்தளத்தைப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் போன் நம்பர் கொடுத்த உடனேயே பயனர் அட்டவணையில் ஒரு வரி உருவாகிவிடும், "உறுதிப்படுத்தவில்லை" என்ற குறியோடு. தொல்லையெல்லாம் அந்த வரியில்தான் தொடங்குகிறது.

பாதிப் பதிவுகளுக்கென்று வேறொரு அட்டவணை வையுங்கள். அதில் நம்பர், எந்தப் படியில் நிற்கிறார், கடைசியாக எப்போது அசைந்தார், எந்த மொழியில் பக்கத்தைப் பார்த்தார் என்பவை போதும். ஓடிபி சரியான பிறகுதான் உண்மையான பயனர் அட்டவணையில் வரி பிறக்க வேண்டும்.

இதற்குக் காரணம் மூன்று. "ஒரு நம்பருக்கு ஒரு கணக்கு" என்ற கட்டுப்பாடு பயனர் அட்டவணையில் இருந்தால், பாதியில் விட்டவரின் நம்பரை அவரே திரும்ப வந்து பதிய முடியாது. அடுத்தது, பயனர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எப்போதும் பொய்யாகவே இருக்கும்.

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. பலர் இதை யோசிப்பதில்லை. யாரோ ஒருவர் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து, தன் பாஸ்வேர்டையும் வைத்து, பதிவைத் தொடங்கிவிட்டுப் போகலாம். சில மாதங்கள் கழித்து நீங்கள் வருகிறீர்கள். சேவை அந்தப் பழைய வரியையே எடுத்து உங்களை உறுதிப்படுத்துகிறது. அந்த ஆள் வைத்த பாஸ்வேர்டும் கூடவே உயிர்பெற்றுவிடுகிறது. இனி உங்கள் கணக்குக்குள் இருவர். இதைத் தவிர்க்க, நம்பரோ மின்னஞ்சலோ உறுதியாகும் வரை பாஸ்வேர்ட் கேட்காதீர்கள். ஏற்கெனவே கேட்டுச் சேமித்திருந்தால், உறுதியாகும் நேரத்தில் பழையதைத் தூக்கிவிட்டுப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். பழைய அமர்வுகளையும், அதாவது முன்பு உள்ளே வந்து திறந்தபடியே இருப்பவற்றையும், முடித்துவிடுங்கள்.

3. திரும்பி வருபவருக்கு வழி

ஒரு நாள் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு அம்மா போன் எடுத்தார். "தம்பி, பதியப் போனா ஏற்கெனவே பதிஞ்சிட்டீங்கள் எண்டு சொல்லுது. சரி எண்டு உள்ளே போகப் பார்த்தா, இன்னும் உறுதிப்படுத்தேல்லை எண்டு சொல்லுது. நான் இப்ப என்ன செய்ய?" என்றார். இரண்டு செய்திகளையும் எழுதியவர்கள் நாங்கள்தான். இரண்டும் தனித்தனியே சரி. சேர்ந்தால் அவருக்குப் போக வழியில்லை. அவர் மூன்று நாட்களாக முயன்றிருந்தார்.

ஒரு நம்பர் திரும்ப வரும்போது மூன்று நிலைகள் இருக்கலாம். மூன்றுக்கும் விடை எழுதிவைத்துவிட்டுப் பிறகு நிரல் எழுதுங்கள்.

நம்பர் புதிது: ஓடிபி அனுப்பு, பாதிப் பதிவு ஒன்றைத் தொடங்கு.

நம்பர் பாதிப் பதிவில் இருக்கிறது: அதே போல ஓடிபி அனுப்பு. ஓடிபி சரியானால் விட்ட படியில் இருந்து தொடங்கு. "ஏற்கெனவே இருக்கிறது" என்ற சொல்லே வரக்கூடாது.

நம்பருக்கு முழுக் கணக்கு இருக்கிறது: இங்கேயும் ஓடிபி அனுப்பு. சரியானால் அப்படியே உள்ளே விடு.

கவனித்தீர்களா, நம்பர் கொடுத்தவருக்குத் திரையில் தெரிவது மூன்று நிலையிலும் ஒன்றுதான்: "ஓடிபி அனுப்பியிருக்கிறோம்." இதனால் வந்தவருக்கு வேலை எளிது. அடுத்தவர் நம்பரைப் போட்டுப் பார்த்து, இந்தப் பிள்ளை இங்கே படிக்கிறதா என்று வேவு பார்க்கவும் முடியாது.

இங்கே ஒரு பிழையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விட்ட இடத்தில் தொடங்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில், நம்பரை அடித்தவுடனேயே பழைய பெயரையும் பாடசாலையையும் பெட்டிகளில் நிரப்பிக் காட்டிவிடுவார்கள். நம்பரை யாரும் அடிக்கலாம். ஓடிபிக்குப் பிறகுதான் ஒரு எழுத்தேனும் காட்ட வேண்டும். நீண்ட நாள் பயன்படுத்தாத நம்பர் வேறொருவர் கைக்குப் போவதும் நடக்கிறது. ஆகவே ஓடிபி சரியாக இருந்தாலும், ஒரு மாதத்துக்கு மேல் பழைய பாதிப் பதிவை நிரப்பிக் காட்டாமல் புதிதாகவே தொடங்குங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அம்மாவின் ஒரே நம்பரில் அண்ணனும் தங்கையும் பதிவார்கள். நம்பர் பெற்றோருடையது, அதன் கீழ் பிள்ளைகள் பலர் இருக்கலாம் என்று அமையுங்கள். இல்லாவிட்டால் தங்கையின் பதிவு எப்போதும் பாதியில்தான் நிற்கும், ஏன் என்று எந்த அறிக்கையும் சொல்லாது.

4. ஓடிபி

ஆட்கள் அதிகம் நிற்கும் படி இதுதான். ஒவ்வொரு தடையையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

நம்பரை ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒருவர் 077 என்று தொடங்குவார், இன்னொருவர் 94 77 என்பார், வேறொருவர் கூட்டல் குறியும் போடுவார், சிலர் இடையில் இடைவெளி விடுவார்கள். எல்லாவற்றையும் 94இல் தொடங்கும் வடிவத்துக்கு மாற்றியே சேமியுங்கள். செய்யாவிட்டால் ஒரே அம்மா மூன்று பாதிப் பதிவுகளாக நிற்பார்.

ஓடிபியை எண்ணாகச் சேமிக்காதீர்கள், எழுத்தாகச் சேமியுங்கள். 048213 என்பது எண் வகையில் போனால் 48213 ஆகிவிடும். அவர் எஸ்எம்எஸ்ஸில் வந்ததை அப்படியே அடிப்பார், பிழை என்று வரும். பத்தில் ஒரு ஓடிபி பூச்சியத்தில் தொடங்கும் என்பதால், சோதிக்கும்போது கண்ணில் படாமல் தப்பிவிடும்.

செய்தியின் நீளத்தைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்து மட்டும் என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் யுனிகோடாகி (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் முறை) 70க்கு இறங்கிவிடும். அந்த 70இலும் "கு" என்பது இரண்டாக எண்ணப்படும், "க்" என்பதும் இரண்டு. நீண்ட வணக்கத்தோடு எழுதினால் இரண்டு மூன்று துண்டாகப் போகும். ஒவ்வொரு துண்டுக்கும் காசு, ஒரு துண்டு பிந்தினால் முழுச் செய்தியும் பிந்தும். அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டாம். "048213 உங்கள் பதிவு எண்" என்று எண்ணை முதலில் வைத்துச் சுருக்கமாக எழுதினால் ஒரே செய்தியில் அடங்கும். எண் முதலில் இருந்தால் திரையின் மேலே வரும் அறிவிப்பிலேயே தெரியும், செய்தியைத் திறக்கத் தேவையில்லை.

செய்தியைத் திறப்பதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், மெமரி குறைந்த போனில் பிரவுசரை விட்டு எஸ்எம்எஸ்ஸுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் முதலில் இருந்து ஏற்றப்படும். அடித்தது எல்லாம் போய்விடும். அவர் மறுபடியும் நம்பர் கொடுப்பார், இன்னொரு ஓடிபி போகும், மறுபடியும் அதே. எந்தப் படியில் நிற்கிறார் என்பதைச் சர்வரில் வையுங்கள். பக்கம் மறுபடி ஏறினால் ஓடிபிப் பெட்டியே திறக்க வேண்டும். அந்தப் பெட்டியின் ஆட்டோகம்ப்ளீட் பண்பில் (பெட்டியைத் தானாக நிரப்பப் பிரவுசருக்குக் கொடுக்கும் குறிப்பு) "ஒன்-டைம்-கோட்" (one-time-code) என்று கொடுத்தால், ஐபோனில் விசைப்பலகைக்கு மேலேயே எண் வந்து நிற்கும்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு பதிபவரை நினைத்து ஓடிபி செல்லுபடியாகும் நேரத்தைத் தீர்மானியுங்கள். ஒரு நிமிடம் போதாது. நாங்கள் பத்து நிமிடம் வைத்திருக்கிறோம். அவர் "மறுபடி அனுப்பு" என்பதை அழுத்தினால் முந்திய ஓடிபியைச் செல்லாததாக்காதீர்கள். முதல் செய்தி பிந்தி வந்து சேரும், அவர் அதைத்தான் அடிப்பார், பிழை என்று வந்தால் மனம் விட்டுப்போகும். நேரம் முடியாத எந்த ஓடிபியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பிழையாக அடிக்கும் தடவைகளை நம்பருக்கு மொத்தமாக எண்ணுங்கள். ஐந்து தடவைக்குப் பிறகு கொஞ்ச நேரம் நிறுத்துங்கள்.

அனுப்பும் தடவைக்கும் ஓர் எல்லை வேண்டும். இல்லாவிட்டால் யாராவது நிரல் எழுதி வெளிநாட்டு நம்பர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஓடிபி அனுப்ப வைப்பார்கள், எஸ்எம்எஸ் கட்டணம் உங்கள் தலையில் விழும். எங்கள் மாணவர்கள் இலங்கையில் இருப்பதால் 94க்கு வெளியே அனுப்புவதையே மூடிவிட்டோம். எல்லையை ஐபி முகவரிக்கு (இணையத்தில் ஓர் இணைப்பின் எண்) மட்டும் வைக்க வேண்டாம். மொபைல் டேட்டாவில் வருபவர்கள் பலர் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள், பாடசாலை வைஃபையிலும் அப்படித்தான். ஒருவரின் குற்றத்துக்கு நாற்பது பேரைத் தடுத்துவிடுவீர்கள்.

5. பெயரும் அடையாள அட்டையும்

"முதற்பெயர், குடும்பப் பெயர்" என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் வைத்தால், தமிழ்ப் பிள்ளை தன் பெயரை எங்கே போடுவது, அப்பாவின் பெயரை எங்கே போடுவது என்று யோசித்து நிற்கும். குடும்பப் பெயர் நம்மில் பலருக்கு இல்லை. "முழுப் பெயர்" என்று ஒரே பெட்டி போதும். ஓர் எழுத்து மட்டும் வந்தாலும், புள்ளி வந்தாலும் ஏற்க வேண்டும்.

தமிழில் அடித்தால் ஏற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். "எழுத்துகள் மட்டும்" என்று யுனிகோட் எழுத்து வகையை வைத்துச் சோதிக்கும் நிரல்கள் நம் பெயர்களைத் தள்ளிவிடும். காரணம், புள்ளியும் விசிறியும் கொம்பும் யுனிகோடில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. "மதன்" என்ற பெயர் கடைசிப் புள்ளியில் சிக்கிவிடும். எழுத்தோடு குறி வகையையும் சேருங்கள். தன் பெயரைத் தன் மொழியில் எழுதியதற்காக ஒரு பிள்ளைக்குச் சிவப்பு எழுத்தில் "பிழையான பெயர்" என்று காட்டுவதை என்னால் பொறுக்க முடியாது. இந்தப் பகுதியில் முதல் வேலையாக இதைத் திருத்துங்கள்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் தேவையா என்று கேளுங்கள். வகுப்புக்கு இடம் பதிய அது வேண்டியதில்லை. சாதாரண தரப் பிள்ளைகள் பலரிடம் அட்டையே இன்னும் இருக்காது. நாங்கள் எடுத்துவிட்டோம். கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு வடிவத்தையும் ஏற்க வேண்டும்: பழையது ஒன்பது இலக்கமும் V அல்லது X என்ற எழுத்தும், 2016இல் இருந்து வருவது பன்னிரண்டு இலக்கம். போனில் எண் விசைப்பலகை மட்டும் திறக்கும்படி வைத்தால் பழைய அட்டைக்காரர் அந்தக் கடைசி எழுத்தை அடிக்கவே முடியாது. பக்கத்தை மூடிவிட்டுப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

6. மின்னஞ்சல் இணைப்பு அனுப்புகிறவர்களுக்கு

ஓடிபிக்குப் பதிலாக மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பினால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

பேஸ்புக்கில் விளம்பரத்தைத் தொட்டு வருபவர் அதன் உள்ளிருக்கும் பிரவுசரில் பதிவார். மின்னஞ்சல் இணைப்போ குரோமில் திறக்கும். வந்தவர் யார் என்று பிரவுசர் வைத்திருக்கும் குறிப்பான குக்கி இரண்டுக்கும் வேறு வேறு. "அமர்வு முடிந்துவிட்டது" என்று காட்டினால் அங்கேயே விட்டுவிடுவார். எந்தப் பிரவுசரில் திறந்தாலும் இணைப்பு வேலை செய்ய வேண்டும்.

இணைப்பைத் திறந்த உடனேயே உறுதிப்படுத்திவிடாதீர்கள். சில அஞ்சல் பாதுகாப்பு மென்பொருள்கள் உள்ளே வரும் இணைப்புகளைத் தாங்களே திறந்து பார்க்கும். ஒருமுறை மட்டும் செல்லும் இணைப்பு அதிலேயே தீர்ந்துவிடும். பக்கத்தில் ஒரு பட்டன் வையுங்கள், அதை அழுத்தினால்தான் உறுதியாகட்டும்.

7. அழிக்கும் விதி

பாதிப் பதிவு எங்களிடம் கணக்கு வைக்கச் சம்மதிக்காத ஒருவரின் விபரம். தனிநபர் தரவுப் பாதுகாப்பு பற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கும் நாட்டில், தேவையில்லாத விபரத்தைக் காலவரையின்றி வைத்திருப்பது சரியில்லை. அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் அடங்கியிருக்கின்றன என்பதையும் நினையுங்கள்.

எங்கள் விதி 30 நாள். பதிவு தொடங்கிய நாளில் இருந்து எண்ணக்கூடாது, கடைசியாக அசைந்த நேரத்தில் இருந்து எண்ண வேண்டும். தொடங்கிய நாளை வைத்து எண்ணியவர்கள், 30ஆம் நாள் இரவு திரும்பி வந்து விபரம் நிரப்பிக்கொண்டிருந்த ஒருவரின் வரியைக் கண்முன்னே அழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அழித்த பிறகும் "இந்த வாரம் ஓடிபியில் இத்தனை பேர் நின்றார்கள்" என்ற எண்ணிக்கை வேண்டும். அதை நம்பர் இல்லாமல் தனியாகக் கூட்டி வைத்துவிட்டு அழியுங்கள்.

8. நினைவூட்டும் முன் நடந்து பார்த்தல்

அந்த மலிவான போனை எடுத்துக்கொண்டு இவற்றைக் கையாலேயே செய்யுங்கள். நம்பர் கொடுத்துவிட்டு டேட்டாவை நிறுத்தி, ஐந்து நிமிடத்தின் பின் திரும்பி வாருங்கள். ஓடிபி வந்ததும் வேறு நான்கு செயலிகளைத் திறந்துவிட்டுப் பிரவுசருக்குத் திரும்புங்கள். மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு முதல் ஓடிபியை அடியுங்கள். ஒருமுறை 077 என்றும் அடுத்த முறை 94 என்றும் அதே நம்பரைக் கொடுங்கள். பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் அடியுங்கள். அதே நம்பரில் இரண்டாவது பிள்ளையைச் சேருங்கள்.

இயலுமானால் அலுவலகத்துக்கு வெளியே ஒருவரைச் செய்ய விட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். "இங்கே அழுத்துங்கோ அக்கா" என்று ஒரு சொல் சொன்னாலும் சோதனை கெட்டுவிடும். அவர் விரல் எங்கே தயங்கி நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

9. நினைவூட்டல்

இப்போது அனுப்பலாம். ஆனால் எல்லோருக்கும் இல்லை.

ஓடிபி சரியாக அடித்த பிறகு நின்றவருக்கு மட்டும் அனுப்புங்கள். உறுதியாகாத நம்பர் யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. ஓர் இலக்கம் மாறி அடித்திருந்தால், சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு "உங்கள் மகளின் பதிவு" என்று செய்தி போகும். அதனால் உறுதியானவருக்குப் போகும் செய்தியிலும் பிள்ளையின் பெயரை எழுதுவதில்லை. நினைவூட்டல் வரலாம் என்று நம்பர் கேட்கும் இடத்திலேயே ஒரு வரியில் சொல்லி, வேண்டாம் என்பவருக்குக் குறியிட ஒரு பெட்டியும் வையுங்கள்.

முதல் செய்தி அடுத்த நாள். சிலர் ஒரு மணி நேரத்தில் அனுப்புவார்கள். பிள்ளையின் பாடத் தெரிவை அப்பா வந்த பிறகு பேசி முடிவெடுக்கும் வீட்டுக்கு ஒரு மணி நேரம் போதாது. அவர் எந்த மொழியில் பக்கத்தைப் பார்த்தாரோ அந்த மொழியில் எழுதுங்கள். என்ன மிச்சம் இருக்கிறது என்று சொல்லுங்கள்: "பாடம் தெரிவு செய்வது மட்டும் மீதி." இணைப்பு அந்தப் படியிலேயே திறக்கட்டும், ஓடிபிக்குப் பிறகு.

நேரத்தைக் கவனியுங்கள். சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நாங்கள் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். மாலை ஆறு மணிக்கு என்று நினைத்து 18:00 என்று போட்டால் கொழும்பில் இரவு பதினொன்றரைக்குப் போன் அதிரும். 12:30 என்று போட வேண்டும்.

இரண்டாவது செய்தி ஐந்தாம் நாள். அதில் உதவிக்கு ஒரு நம்பரும், அழைக்கலாம் என்ற நேரமும் இருக்கட்டும். அந்த நம்பரில் எடுப்பவர் முன் அவரது பாதிப் பதிவு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியும் ஒரு திரை வேண்டும், இல்லாவிட்டால் அவர் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டிவரும். மூன்றாவது செய்தி கிடையாது. அதன் பின்னும் அவர் வராவிட்டால், 30ஆம் நாள் அந்த வரி அழியட்டும்.